யாரும் சிரிக்காத பிரெஞ்சு நாடகம்

நான் காரைக்காலில் வளர்ந்தவள். அப்பா நாகர்கோவில்காரர். பிழைப்புக்காகக் காரைக்கால் போய் ஜவுளிக்கடை வைத்தார். அந்த ஊர் அப்போது பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தது. கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் படித்ததால் பிரெஞ்சு எனக்குத் தங்குதடையில்லாமல் வரும். கல்யாணமாகித் திருவனந்தபுரம் வந்தபிறகு அதற்கு ஒரு வேலையும் இல்லாமல் போயிற்று. பழவங்காடிப் பிள்ளையார் கோயிலுக்குப் பின்னால் இருந்த எங்கள் வீட்டில் தமிழும் மலையாளமும் பிரிக்க முடியாமல் கலந்து கிடந்தன. வந்த புதிதில் யாராவது "மனசிலாயோ?" என்று கேட்டால், புரிந்ததா என்று கேட்கிறார்கள் என்பது தெரியாமல், என் மனசில் என்ன ஆயிற்று என்று உள்ளே தேடிப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

வீட்டில் நாங்கள் நான்கு பேர். கணவர் கல்லூரியில் ரசாயனம் சொல்லிக்கொடுத்தார். மாமனார் ஹஜூர் கச்சேரி என்ற அரசாங்கத் தலைமை அலுவலகத்தில் வேலை பார்த்து பென்ஷன் வாங்கியவர். மாமியார் நான் வருவதற்கு முன்பே காலமாகிவிட்டார். நாலாவது ஆள் என் நாத்தனார். என்னைவிட மூத்தவள்தான், ஆனாலும் அண்ணன் மனைவி என்பதால் என்னை "மைனி" என்றுதான் கூப்பிடுவாள்.

அவளுக்கு அந்த வருஷம் நாகர்கோவிலில் ஒரு வரன் முடிவாகியிருந்தது. பள்ளிக்கூட டிராயிங் மாஸ்டர். முப்பத்தைந்தைத் தாண்டியவர், முன்மண்டை வழுக்கை. "ஆளு கொஞ்சம் முத்திப் போச்சு" என்று என் கணவர் முணுமுணுத்தார். அதற்கு முன்னால் வந்த இடங்கள் எல்லாம் ஏதேதோ காரணத்தால் தட்டிப்போனதால் மாமனார் இதற்கு வாக்குக் கொடுத்துவிட்டார். நாத்தனார் ஒன்றும் சொல்லவில்லை. அவளிடம் யாரும் ஒன்றும் கேட்கவும் இல்லை. கேட்பது வழக்கமில்லை.

இந்தச் சமயத்தில்தான் பொன்முடி மலையிலிருந்து மதாம் வந்தாள். பொன்முடித் தேயிலைத் தோட்டம் ஒன்றின் மானேஜர் ஸ்காட்லாந்துக்காரர். அவருடைய மனைவி பிரெஞ்சுக்காரி, அவள்தான் இந்த மதாம். மழை பிடித்தால் மலையில் வாரக்கணக்கில் யார் முகத்தையும் பார்க்க முடியாது என்பாள். என் கணவர் நாடக சங்கம் ஒன்றில் இணைச் செயலாளராக இருந்தார். வக்கீல்களும் டாக்டர்களும் வாத்தியார்களும் சேர்ந்த சங்கம். அங்கே ஒரு தேநீர் விருந்தில், என் மனைவிக்கும் உங்கள் பாஷை தெரியும் என்று அவளிடம் பெருமையாகச் சொல்லிவிட்டார். நான் பிரெஞ்சில் ஒரு வணக்கம் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்தவள் விருந்து முடியும்வரை விடவில்லை. சொந்த பாஷையைக் காதால் கேட்டு எத்தனையோ நாளாயிற்று என்றாள். அழுவாளோ சிரிப்பாளோ என்று எனக்குப் பிடிபடவில்லை. அவள் இரண்டையும் செய்தாள்.

அடுத்தமுறை மலையிலிருந்து இறங்கியபோது ஒரு புத்தகம் கொண்டுவந்தாள். பதினெட்டாம் நூற்றாண்டில் பாரிஸில் மேடையேறிய ஒரு கேலி இசைநாடகம். கொஞ்சம் பேசுவார்கள், கொஞ்சம் பாடுவார்கள், மறுபடி பேசுவார்கள். பாட்டுக்கான இசைக்குறிப்பும் கூடவே அச்சாகியிருந்தது. இதைத் தமிழில் ஆக்கு, சங்கத்தில் போடலாம், நான் பியானோ வாசிக்கிறேன் என்றாள். சங்கத்துக்காரர்களுக்கு ஒரே சந்தோஷம். ஐரோப்பிய நாடகம் என்றால் ஊரில் பேர் கிடைக்கும் அல்லவா?

கதை சின்னது. ஒரு கிழட்டுக் கப்பல் தலைவன். மகள் எதைக் கேட்டாலும் அதற்கு நேர்மாறாகச் செய்கிற பிடிவாதக்காரன். மகளைப் பக்கத்து ஊர்க் கடிகார வியாபாரிக்குக் கொடுக்கலாமா என்று யோசிக்கிறான். மகளுக்கு அந்தக் கடிகாரக்காரன் மேல் கொள்ளை ஆசை. ஆனால் வேண்டும் என்று சொன்னால் அப்பன் மாட்டேன் என்றுவிடுவான். அதனால், "ஐயோ அவன் வேண்டாம், என்னைக் கொல்லாதீர்கள்" என்று அப்பன் காலில் விழுந்து பொய்யாக ஒரு அழுகைப் பாட்டுப் பாடுகிறாள். அவனும் உடனே, "அவனைத்தான் கட்டவேண்டும்" என்று பிடித்துக்கொள்கிறான். கடைசியில் எல்லோரும் வரிசையாக முன்னால் வந்து நின்று ஆளுக்கொரு அடி பாடுவார்கள். அதில்தான் மகள், நான் அழுததெல்லாம் நடிப்பு என்று சபையைப் பார்த்துக் கண்ணடித்துச் சொல்வாள். அப்பனும் சிரித்துக்கொண்டே மன்னிப்பான்.

நான் மொழிபெயர்த்தேன். வார்த்தை கிடைத்தால் தாளத்தில் உட்காராது, தாளத்தில் உட்கார்ந்தால் கேலி இறங்கிப்போய்விடும். இதில் என்ன சிரிப்பு இருக்கிறது என்றே சில நாள் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். மதாமிடம் கேட்டால், "மேடையில் பார், தானாக வரும்" என்பாள். என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டு, என் பிரதியில் அங்கங்கே பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தாள். அந்த இடங்களில் சபை சிரிக்கும்; சிரித்து முடிக்கும்வரை நடிகர்கள் பேசாமல் காத்து நிற்கவேண்டும். ஒத்திகையில் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள்: அவசரப்படாதே, காத்திரு.

கப்பல் தலைவனாக ஒரு வக்கீல். மகளாகப் பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தி. முறையாகச் சங்கீதம் படித்தவள், குழைவான குரல். நான் திரைக்கு ஓரத்தில் பிரதியைப் பிடித்துக்கொண்டு வசனம் எடுத்துக்கொடுக்க நின்றேன்.

நாடகத்தன்று கான்வென்ட் பள்ளிக்கூட ஹால் நிறைந்துவிட்டது. முன்வரிசையில் மாமனார் ஜரிகை நேரியலைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இடது பக்கம் பெண்களுக்குள் நாத்தனார் இருந்தாள். மதாம் பியானோவில் தொடங்கினாள். பின்வரிசையில் யாரோ, "சங்கராபரணமாக்கும்" என்றார். அது காதோடு காதாகப் பரவியது. ராகம் தெரிந்துவிட்ட திருப்தியில் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

முதல் பெருக்கல் குறி வந்தது. வக்கீல் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டுச் சிரிப்புக்காகக் காத்து நின்றார். ஒரு சத்தமும் இல்லை. அவர் மேலும் காத்து நின்றார். இவ்வளவு நேரம் பேசாமல் நிற்கிறான் என்றால் இந்த மனுஷனுக்கு உள்ளுக்குள் ஏதோ பெரிய துக்கம் இருக்கவேண்டும் என்று சபை நினைத்துக்கொண்டது. அடுத்த குறியிலும் அப்படியே. நான் திரைக்குப் பின்னாலிருந்து "சொல்லுங்க, சொல்லுங்க" என்று கிசுகிசுத்தேன். அவரோ கற்றுக்கொடுத்ததற்கு விசுவாசமாகக் கற்சிலைபோல நின்றார். நேரம் ஆக ஆக ஹாலில் ஒரு கனம் ஏறிக்கொண்டே போயிற்று.

பிறகு அந்த அழுகைப் பாட்டு. மெட்டு துள்ளித் துள்ளி ஓடவேண்டும். அழுகை பொய் என்று அதிலிருந்துதான் தெரியவேண்டும். டீச்சர் ஒத்திகையில் அப்படித்தான் பாடினாள். அன்றைக்குச் சபையின் அமைதி அவளை என்னவோ செய்துவிட்டது. விளம்ப காலத்தில் மெதுவாக எடுத்தாள். ஒவ்வொரு ஸ்வரத்தையும் அசைத்தாள். பியானோவில் மதாம் முதலில் வேகத்தைக் கூட்டிப் பார்த்தாள், பிறகு குறைத்தாள், கடைசியில் ஒற்றை விரலால் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தட்டிக்கொண்டு அவள் பின்னாலேயே போனாள். "அப்பா, என்னை அனுப்பாதீங்க" என்ற என்னுடைய சாதாரணமான வரி வேறு யாரோ எழுதியதுபோல எனக்கே கேட்டது. எட்டிப் பார்த்தேன். பெண்கள் பக்கம் முழுவதும் முந்தானை கண்ணில் இருந்தது. நாத்தனார் தோள் குலுங்க அழுதுகொண்டிருந்தாள். முன்வரிசையிலிருந்து மாமனார் திரும்பி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசிப் பாட்டுக்காக எல்லோரும் வரிசையாக வந்து நின்றார்கள். மேடையில் எல்லோரும் சேர்ந்து நின்று பாடினால் அது மங்களம் என்றுதான் நம் ஜனங்களுக்குத் தெரியும். சபை எழுந்துவிட்டது. சில பேர் கும்பிட்டார்கள். நாற்காலிகள் இழுபட்டன, செருப்புத் தேடும் சத்தம் கேட்டது. மகள் உண்மையைச் சொல்கிற அடியை டீச்சர் முதுகுகளைப் பார்த்துப் பாடினாள். அவள் கண்ணடித்ததைப் பார்க்க அங்கே ஒருவரும் இல்லை.

மதாம் பியானோவை மூடிவிட்டு என்னிடம் வந்தாள். "ஏன் அழுதார்கள்?" என்று கேட்டாள். அதற்குள் சங்கத் தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, "கம்பீரம், கம்பீரம்! இத்தர நல்லதொரு சோக நாடகம் நம்ம சங்கத்துல இதுவரை உண்டாயிட்டில்ல" என்று அவள் கையைக் குலுக்கினார். நான் பாதியை விழுங்கிவிட்டு மொழிபெயர்த்தேன்.

மறுநாள் விடிந்ததும் மாமனார் குளித்து, பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் நாகர்கோவில் பஸ் ஏறிவிட்டார். சாயங்காலம் திரும்பி வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் மகளைக் கூப்பிட்டார்.

"மக்ளே, அந்தச் சம்பந்தம் வேண்டாம்னு சொல்லிட்டு வந்துட்டேன். இனி நீ கண்ணீர் விட்டுக் கரைய வேண்டாம், கேட்டியா?"

நாத்தனார் அவரையே பார்த்தாள். பிறகு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று மாமனார் எடுத்துக்கொண்டார். என் கணவரும், "நல்ல காரியம் செஞ்சீங்க அப்பா" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் துவைகல்லில் துணியை அடித்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

"மைனி, எதுக்காக்கும் நீங்க அந்த நாடகத்தை எழுதினீங்க? எனக்கு அவரைப் பிடிச்சிருந்துச்சு."

நான் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தேன். "யாரை?"

"வேற யாரை? பெண்ணு பாக்க வந்த அன்னைக்கு எல்லாரும் சம்பளத்தையும் நெலத்தையும் பேசிட்டு இருந்தாங்க. அவரு மட்டும் நம்ம சொவருல இருந்த காலண்டர் படத்தைப் பாத்து, மயிலுக்கு மூணு காலு போட்டிருக்கான்னு சொல்லித் தன்னால சிரிச்சாரு. அஞ்சு வருஷமா அந்தப் படம் நம்ம வீட்டுல இருக்கு. ஒருத்தரும் பாக்கல்ல."

"அப்போ நாடகத்துல அப்படி அழுதியே?"

"அந்த டீச்சர் பாடினது அப்படி இருந்துச்சு. கல்யாணத்துக்கு அம்மை இல்லையேன்னு நெனப்பு வந்துட்டு. அழுதேன். அதுக்கு இப்படியா?"

இதை மாமனாரிடம் அவள் எப்படிச் சொல்வாள்? அம்மா இருந்திருந்தால் அம்மாவிடம் சொல்லியிருப்பாள். கணவரிடம் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "நீதான் கதை எழுதினவ, நீயே போய்ச் சொல்லு" என்று சட்டையை மாட்டிக்கொண்டு கல்லூரிக்குப் போய்விட்டார்.

மாமனாருக்குக் காப்பி கொடுக்கும்போது மெதுவாக ஆரம்பித்தேன். "மாமா, அந்த நாடகத்துக்குக் கடைசியில ஒரு அடி இருக்கு. நீங்க அதுக்கு முன்னாடியே எழுந்துட்டீங்க. அந்தப் பொண்ணு அழுதது நெஜம் இல்லை. அவளுக்கு மாப்பிள்ளையை ரொம்பப் பிடிக்கும். அப்பாவை ஏமாத்தத்தான் அழுதா."

மாமனார் டம்ளரைக் கீழே வைத்தார். "பொய்யாட்டா அழுதா?"

"ஆமாம் மாமா."

"அப்போ நம்ம வீட்டுப் பிள்ளையும் பொய்யாட்டா அழுதா?"

"இல்லை மாமா. இவ அழுதது நெஜம். ஆனா அதுக்குக் காரணம் வேற. இவளுக்கும் மாப்பிள்ளையைப் பிடிச்சுத்தான் இருக்கு."

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "நில்லு, நில்லு. பொய்யாட்டு அழுதவளுக்கும் அவனைப் பிடிக்கும். நெஜமாட்டு அழுதவளுக்கும் பிடிக்கும். அப்போ பிடிக்காதவ எப்படியாக்கும் அழுவா? எனக்கு ஒண்ணும் மனசிலாவல்லையே, மக்ளே."

பேசப் பேச நானே குழம்பினேன். "நாகர்கோவில் போய் இனி நான் என்ன சொல்லுவேன்? அவங்க என்னைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்பிருவாங்க" என்று அவர் எழுந்துபோய் அறைக்குள் படுத்துக்கொண்டார்.

அந்த வாரம் மதாம் வந்தாள். மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து, மலையடிவாரத்து வித்துராவில் ஒரு நாள் முழுக்கத் தங்கி வந்திருந்தாள். அவளிடம் நடந்ததைச் சொன்னேன். அவள், அந்த நாடகம் பாரிஸில் முதல்நாள் போட்டபோது சபை சீழ்க்கையடித்து இறக்கிவிட்டதாகவும், அதே ஜனங்கள் கொஞ்ச நாளில் அதன் பாட்டுகளைத் தெருவில் பாடிக்கொண்டு திரிந்ததாகவும் தன் பியானோ டீச்சர் சொல்லக் கேட்டிருப்பதாகச் சொன்னாள். ஏன் முதலில் பிடிக்கவில்லை, ஏன் பிறகு பிடித்தது? அவளுக்கும் தெரியாது. "ஆனால் ஒரு கல்யாணம் நின்றதாக நான் கேள்விப்பட்டதே இல்லை" என்றாள். சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். எனக்குக் கோபம் வந்தது; ஆனால் நானும் சிரித்தேன்.

மறுவாரம் ஒரு மத்தியானம், வாசலில் குடையை மடக்கிக்கொண்டு டிராயிங் மாஸ்டரே வந்து நின்றார். மாமனார் வெலவெலத்துப் போய்விட்டார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார்.

"நான் வழக்குப் பேச வரல்ல. வேண்டாம்னா வேண்டாம், அது ஒங்க இஷ்டம். ஆனா ஒரு பிரெஞ்சு நாடகத்தைப் பாத்துட்டு மனசு மாறினேன்னு எங்க வீட்டுல சொல்லிட்டு வந்தீங்களாம். அது என்ன கதைன்னு தெரியாம எனக்கு ஒறக்கம் வரல்ல. அதைக் கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

மாமனார் திருதிருவென்று விழித்தார். பிறகு உள்ளே பார்த்து, "மக்ளே, நீ வந்து சொல்லு. என்னால ஆவாது" என்றார்.

நான் பிரதியை எடுத்துக்கொண்டு நடைக்கதவின் அருகே நின்றேன். ஓர் அந்நிய ஆண்பிள்ளை முன்னால் அதுவரை நான் இரண்டு வாக்கியம் சேர்ந்தாற்போலப் பேசியதில்லை. படிக்கத் தொடங்கினேன். கப்பல் தலைவன் முதன்முதலில் மகளோடு மல்லுக்கு நிற்கிற இடத்தில் மதாமின் பெருக்கல் குறி இருந்தது. பழக்கத்தில் அங்கே நிறுத்தினேன்.

அவர் சிரித்தார். வாயைக் கையால் மூடிக்கொண்டு, தோளைக் குலுக்கிச் சிரித்தார். அடுத்த குறியிலும் சிரித்தார். அழுகைப் பாட்டு வந்ததும் நிமிர்ந்து, "ஓ, இவ அப்பனுக்குத் தூண்டில் போடுகா!" என்றார். மாமனார் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். எங்கே சிரிக்கிறார் என்று கவனித்து, ஒரு நொடி பிந்தி அவரும் சிரிக்கத் தொடங்கினார். கடைசி அடியை நான் மெதுவாகப் பாடியே காட்டினேன். என்ன தைரியத்தில் பாடினேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. மகள் சபையைப் பார்த்து உண்மையைச் சொல்கிற வரி வந்தபோது, எனக்குப் பின்னால் அடுக்களைக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. அடக்கி அடக்கிப் பார்த்து முடியாமல் வந்த சிரிப்பு.

மாமனார் சட்டென்று எழுந்தார். அடுக்களைப் பக்கம் திரும்பி, கொஞ்சம் அதட்டலாகவே கேட்டார்: "இப்போ சிரிக்கியே, இது பொய்யா நெஜமா? ஒனக்கு இவரு வேணுமா, வேண்டாமா? வாயைத் தொறந்து சொல்லு. என்னால இனி கண்ணீரைப் பாத்துக் கண்டுபிடிக்க ஏலாது."

அந்த வீட்டில் எந்தப் பெண்ணிடமும் யாரும் அப்படிக் கேட்டதில்லை. டிராயிங் மாஸ்டர் குடைப்பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேணும், அப்பா" என்றாள் நாத்தனார். தெருவுக்கே கேட்டிருக்கும்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. மதாம் பட்டுப்புடவை கட்டி, அதை மிதித்து மிதித்துக்கொண்டு வந்தாள். பெண் புறப்படும்போது வழக்கம்போல அழுதாள். எல்லோரும் அழுதோம். மாமனார் மட்டும் கலவரத்தோடு என் பக்கத்தில் வந்து, "மக்ளே, கேட்டுப் பாரு, ஏதாவது வேண்டாம்னு தோணியிருக்கப் போகுது" என்றார். சும்மா அழுகிறாள் மாமா என்றேன். சும்மாவும் அழுவார்களா என்று கேட்டார்.

அதற்கப்புறம் மதாம் ரொம்ப நாள் இருக்கவில்லை. அவள் புருஷன் தோட்டத்து வேலையை விட்டுவிட்டார், கப்பலேறிப் போய்விட்டார்கள். எங்கே போனார்கள் என்று எனக்குச் சரியாகத் தெரியாது. மறுவருஷம் சங்கத் தலைவர் வீட்டுக்கு வந்து, "போன வருஷம்போல ஜனங்களைக் கரையவைக்குந்ந வேற ஒரு பிரெஞ்சு நாடகம் உண்டோ?" என்று கேட்டார். அது சிரிப்பு நாடகம் என்று கடைசியாக ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். அவர் என்னை இரக்கத்தோடு பார்த்து, "அது உங்களுக்கு அர்த்தம் சரிக்கு மனசிலாகாததாக்கும்" என்றார். நான் சண்டை போடவில்லை. அப்படியும் இருக்கலாம் என்றுதான் தோன்றியது.